தென்கால் கடைமடையிலிருந்து ஒரு நன்றி மடல்

தாமிரபரணித் தண்ணீரைக் குடிக்கிற, பாய்ச்சுகிற, காக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் குளம் பெருகி, மிஞ்சின தண்ணீர் மறுகாலில் பாய்ந்துகொண்டிருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் உடைந்த கரை, அடைத்த இடத்தில் ஒரு கசிவுகூட இல்லாமல் நிற்கிறது. பிசான (இரண்டாம் போக) நெல் நடவு முடிந்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் எங்களுக்கு உதவியவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊரைப் பார்த்ததே இல்லை. அவர்கள் செய்தது பலித்ததா என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. பலித்தது.

ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்காக: தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கி எட்டு அணைக்கட்டுகள். கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அதிலிருந்து பிரிபவை வடகால், தென்கால் என்ற இரண்டு கால்வாய்கள். தென்காலில் வந்து, கடம்பாகுளமும் நிறைந்து, அதற்குப் பிறகு இறங்குகிற தண்ணீர்தான் எங்களுக்கு. பொதிகையில் பிறந்து 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவருகிற ஆற்றில் எங்களுக்கு மேலே எத்தனையோ ஊர்கள், எத்தனையோ மடைகள். மேலே யார் என்ன செய்தாலும், நல்லதோ கெட்டதோ, கடைசியில் அது எங்கள் குளத்தில் வந்து நிற்கும். அதனால்தான் இந்த மடல் இவ்வளவு பேருக்குப் போகிறது.

முதல் நன்றி கடற்கரை ஊர்களின் மீனவ அண்ணன்மாருக்கு. டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆற்று வெள்ளம் ஒரு பக்கம், செம்மணல் மேடான தேரிக்காட்டிலிருந்தும் புஞ்சைக் காட்டிலிருந்தும் இறங்கிய காட்டுவெள்ளம் மறுபக்கம். இரண்டும் சேர்ந்ததைத் தாங்கக் குளத்துக் கரைகளால் முடியவில்லை. தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர். யாரும் கூப்பிடாமலே படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, வயசானவர்களையும் பிள்ளைத்தாச்சிகளையும் மாடியிலிருந்து இறக்கிக் கொண்டுபோனீர்கள். டீசல் காசுகூட வாங்கவில்லை. ஆற்றுத் தண்ணீர் கடலில் வீணாகப் போகிறது என்று விவசாயக் கூட்டங்களில் நாங்கள் வழக்கமாகப் பேசுவோம். புன்னக்காயலில் ஆறு கடலைச் சேருகிற இடத்தில் நல்ல தண்ணீர் வரவில்லை என்றால் மீன்பாடு எப்படிக் குறைகிறது, உப்புத் தண்ணீர் எப்படி உள்ளே ஏறி வருகிறது என்று அன்றைக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து நீங்கள் சொன்னது எங்களுக்கு நன்றாகப் புரிந்தது. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறவர்களுக்கும் அந்த உப்பின் கவலை உண்டு. ஆற்றின் பங்குதாரர்கள் என்று பட்டியல் போட்டால் உங்களையும் அதில் சேர்க்கத்தான் வேண்டும்.

கரையை அடைத்த கதை கொஞ்சம் நீளமானது. மணல்மூட்டை அடுக்கித் தற்காலிகமாக அடைத்தது நீர்வளத் துறையின் பணியாளர்களும் எங்கள் ஊர், பக்கத்து ஊர் இளைஞர்களும். இரவு பகலாக நின்றார்கள். அதற்குப் பிறகு கரையை இன்னும் உயர்த்த வேண்டும் என்றுதான் ஊரில் எல்லோரும் பேசினார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், இந்த வடிநிலத்திலேயே வேலை பார்த்தவர், தன் சொந்தச் செலவில் வந்து மட்டம் எடுத்துப் பார்த்தார். கரையை எத்தனை அடி உயர்த்தினாலும் மறுகால் ஓடை அடைபட்டிருந்தால் வேறொரு இடத்தில் உடையும் என்றார். ஓடை போன வழியை வருவாய்த்துறை வரைபடத்தில் காட்டினார். அந்த வழியில் குலை தள்ளிய வாழை நின்றது.

இந்த இடத்தில்தான் எங்கள் பெரிய நன்றி. அந்த ஓடைக்கரையில் வாழை போட்டிருந்த ஆறு குடும்பங்களும் தாங்களாகவே முன்வந்து, குலை வெட்டுகிற வரைக்கும்கூடக் காத்திராமல் இடத்தை விட்டார்கள். வெள்ளத்தில் போனது போக மிஞ்சிய வாழை அது. அதை வெட்டும்போது பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கே மனம் தாங்கவில்லை. ஈடு கேட்டு ஒரு வார்த்தை வரவில்லை. அண்ணாச்சி, மதினி, இந்த வருஷம் கீழே இருக்கிற குளத்துக்குத் தண்ணீர் போவது நீங்கள் விட்ட வழியில்தான். அந்தக் குளத்து ஊர்க்காரர்களும் தங்கள் நன்றியை இந்த மடலில் சேர்த்து எழுதச் சொன்னார்கள்.

கரம்பை எடுக்கிற வேலை அடுத்து வந்தது. குளத்து உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கிற உட்பகுதியில், சேர்ந்த வண்டலை விவசாயிகள் வயலுக்கு எடுத்துக்கொள்ளத் தாசில்தாரே அனுமதி தரலாம் என்று 2024-ல் ஆன பிறகு காரியம் எளிதாகிவிட்டது. மனு எழுதித் தந்த தம்பிகளுக்கும், வாடகையைக் குறைத்துக்கொண்ட டிராக்டர்காரர்களுக்கும் நன்றி. உள்வாயை ஒரே ஆழமாகச் சுரண்டிவிடாதீர்கள் என்று தடுத்த பறவைக் கணக்கெடுப்பு அன்பர்களுக்குத் தனி நன்றி. 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியும் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணிவருகிறவர்கள் அவர்கள். எந்தக் குளத்தில் எந்தக் கொக்கு, எந்த வாத்து, தண்ணீர் எவ்வளவு நின்ற வருஷத்தில் வந்தது என்று குறிப்பு வைத்திருக்கிறார்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தோம். கூடு கட்டுகிற நாட்டுக்கருவேல மரங்களையும் ஓரத்துச் சேற்றையும் அவர்கள் சொன்னபடி விட்டுவைத்தோம். இப்போது அந்த மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் உட்கார்ந்திருக்கின்றன.

குளம் தயாராகிவிட்டால் மட்டும் போதாதே, தண்ணீர் வர வேண்டும். மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளின் நான்கு கால்வாய்களில் 53 குளங்கள், 46,000 ஏக்கருக்கு மேல் பாசனம். அணையில் தண்ணீர் குறைவான வருஷங்களில் கார் (முதல் போக) சாகுபடிக்கு மேலே இருக்கிற கால்வாய்களான மேல்கால்களில் திறப்பார்கள், நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். இதனால் மேலே உள்ளவர்களுக்கும் எங்களுக்கும் தலைமுறை தலைமுறையாக மனத்தாங்கல். அதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, கடைமடைக் குளம் ஒரு சுற்று நிறையட்டும் என்று தங்கள் முறை முடிந்த உடனே ஷட்டரை இறக்கிய மேல்கால் விவசாயிகளே, உங்கள் வயலும் அப்போது காய்ந்துதான் கிடந்தது என்று எங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் கால்வாய்க் கரையில் டார்ச்சோடு நடந்து, அடைத்துக் கிடந்த அமலைச்செடியை (ஆகாயத்தாமரையை) தள்ளிவிட்டுத் தண்ணீரைக் கீழே கொண்டுவந்து சேர்த்த லஸ்கர்களுக்கு, அதாவது கால்வாய்ப் பணியாளர்களுக்கு, எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அவர்கள் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகிறது. காலியிடங்களை நிரப்புங்கள் என்று அரசை இந்த மடல் வழியாகவும் கேட்டுக்கொள்கிறோம்.

இன்னும் மேலே போகவேண்டும். பாபநாசம் அணை 1940-களில் வந்தது, மணிமுத்தாறு 1950-களில், சேர்வலாறு 1980-களில். மூன்றும் மழைத் தண்ணீரைத் தேக்குகின்றன. ஆனால் மழை நின்று எத்தனையோ நாள் கழித்தும் மலையிலிருந்து இறங்குகிற காரையாற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் மலைமேல் இருக்கிற சோலைக்காடு. மழையை மண்ணுக்குள் இறக்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. எங்கள் ஊர் பத்தாயத்தில் நெல்லைப் போட்டு வைத்து வேண்டும்போது எடுப்பதைப் போல. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் அந்தக் காட்டைத் தீயிலிருந்தும் கோடரியிலிருந்தும் காக்கிற வனக் காவலர்களுக்கும், காட்டை அறிந்து காட்டுக்குள்ளேயே வாழ்கிற காணிப் பழங்குடி மக்களுக்கும், கடைமடையிலிருந்து கைகூப்புகிறோம். நீங்கள் அணைக்கிற ஒரு காட்டுத்தீயால் எங்கள் வயலுக்கு என்ன கிடைக்கிறது என்று யாரும் உங்களிடம் வந்து சொல்லியிருக்க மாட்டார்கள். பங்குனி, சித்திரையில் எங்கள் கிணறு வற்றாமல் கிடக்கிறதே, அதில் உங்கள் பங்கு உண்டு.

பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப்போகிற துணிகளை இறங்கி அள்ளுகிற மாணவர்களே, தன்னார்வலர்களே, அந்த நாற்றத்தில் நீங்கள் நிற்கிற புகைப்படத்தைப் பார்த்து எங்கள் ஊர்ப் பெண்கள் அழுதார்கள். வழியில் ஆற்றில் கலக்கிற சாக்கடையை நிறுத்தச் சொல்லி விடாமல் வழக்கு நடத்துகிறவர்களுக்கும் நன்றி. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் மேடிட்டுக் கிடந்ததைத் தூர்வாரத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவு போட்டதும் அப்படி ஒருவர் வழக்குத் தொடுத்ததால்தான். இதே தண்ணீரைத்தான் தூத்துக்குடியும் குடிக்கிறது, விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூரும் அருப்புக்கோட்டையும் குடிக்கின்றன. அந்த ஊர்களிலிருந்து நிவாரண அரிசியும் போர்வையும் வந்ததை மறக்கவில்லை.

வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பிய எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும், கரை வேலை நடந்த நாளெல்லாம் கஞ்சியும் துவையலுமாகப் பந்தி போட்ட அக்காமாருக்கும் நன்றி. வரவு செலவுக் கணக்கு கோயில் வாசலில் ஒட்டியிருக்கிறது. யாரும் பார்க்கலாம்.

வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. மடையின் கல்கட்டு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. கரையில் ஊன்றிய பனை விதைகளில் முளைக்காத இடங்களுக்கு மறுபடியும் ஊன்ற வேண்டும், விதை சேர்த்துத் தருகிறவர்கள் கொண்டுவாருங்கள். அப்புறம், மேல்கால் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள்: அணைக்கட்டு மட்டமும் ஷட்டர் திறக்கிற நேரமும் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் வரும்போது எங்களுக்கும் அனுப்பிவிடுங்கள். எங்கள் குளத்து மட்டத்தை நாங்கள் தினமும் காலையில் அனுப்புகிறோம். வருகிற ஜனவரியில் பறவை எண்ண வருகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு எங்கள் ஊரில்தான். எத்தனை பேர் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
தென்கால் கடைமடைக் குளத்துப் பாசன விவசாயிகள்