கட்சி நன்கொடை: கணக்கில் யார் பெயர்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்தல் வந்தால் கொடி வியாபாரம் சூடு பிடிப்பதுபோல, கட்சிப் பற்றைக் காசாக்கும் மோசடியும் சூடு பிடிக்கிறது. இதுபற்றிய செய்திகளில் 'பேராசையால் ஏமாந்தார்' என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. இந்த வகை மோசடியில் தூண்டில் முள்ளில் குத்தியிருப்பது விசுவாசம். அதைக் கவனிக்காமல் விட்டதால்தான் நம் எச்சரிக்கைகள் எடுபடவில்லை.

2023-இல் வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தி பலருக்கு நினைவிருக்கும். 2024 தேர்தலில் பாஜகவுக்கு வாக்கு கூட வேண்டுமென்று பிரதமர் மோடி 239 ரூபாய், 28 நாள் ரீசார்ஜை இலவசமாகத் தருகிறாராம். ராகுல் காந்தி பெயரில் காங்கிரஸுக்காக 599 ரூபாய் ரீசார்ஜ் என்று இன்னொன்றும் வந்தது. இரண்டும் பொய். இத்தகைய இணைப்புகள் நடக்கும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்: கைபேசி எண் கேட்கும், சரிபார்ப்பதுபோல வட்டம் சுற்றும், 'வாழ்த்துகள்' என்னும். பிறகு, பத்துப் பேருக்கு அனுப்பினால்தான் ரீசார்ஜ் ஏறும் என்னும். சூட்சுமமே அந்தக் கடைசிப் படியில்தான். கிளைச் செயலாளர் அனுப்பியதைக் குழுவே நம்புகிறது; சந்தேகம் கேட்டவரிடம் 'நீ எந்தக் கட்சி?' என்கிறார்கள்.

இணைப்புக்குப் பதிலாக, கைபேசியில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்பு வந்தால் சேதம் பெரிது. உறுப்பினர் அட்டை, பயனாளிகள் பட்டியல் என்று அதற்குப் பெயர் வைத்திருப்பார்கள். பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வரும் செயலி என்று ஆண்ட்ராய்டு எச்சரிக்கும். அதையும் மீறி நிறுவி, குறுஞ்செய்தி படிக்க அனுமதியும் கொடுத்தால், வங்கி அனுப்பும் ஓடிபி நேராக மோசடிக்காரரிடம் போகும். நிறுவிவிட்டீர்களா? முதலில் ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையும் அணைந்ததா என்று பாருங்கள். வேறு கைபேசியிலிருந்து வங்கியை அழைத்து நெட் பேங்கிங், யுபிஐ இரண்டையும் முடக்கச் சொல்லுங்கள். செயலியை நீக்குவது அதற்குப் பிறகு.

இனி நன்கொடை. 2020 மார்ச் இறுதியில் பிஎம் கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்ட சூட்டோடு, அதன் யுபிஐ முகவரியைப் போலவே ஒரு போலி முளைத்தது. கேர்ஸ் என்பதன் கடைசி 'எஸ்' மட்டும் அதில் இல்லை. அவசரத்தில் கண் அதைப் பிடிக்காது. அதனால் ரகசிய எண் போடுமுன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். வங்கிக் கணக்கில் பதிவான பெயரையே காட்ட வேண்டும் என்று எல்லா யுபிஐ செயலிகளுக்கும், யுபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ உத்தரவிட்டு, 2025 ஜூன் 30 வரை கெடு கொடுத்திருந்தது. கட்சிப் பெயர் வர வேண்டிய இடத்தில் தனியாள் பெயரோ ஏதோ ஒரு 'எண்டர்பிரைசஸ்' பெயரோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 'பொருளாளரின் சொந்தக் கணக்குங்க, அவசரம்' என்பார்கள், அசையாதீர்கள். ரொக்கத்துக்கும் வரம்பு உண்டு: தன் வருமானத்துக்கு வரி விலக்கு வேண்டுமானால் ஒரு கட்சி 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாக வாங்கக் கூடாது. ரசீதுப் புத்தகத்தை நீட்டி 5,000 கேட்பவரிடம், கட்சிப் பெயருக்குக் காசோலை தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

கணக்கின் பெயர் சரியாக இருந்தும் ஏமாறலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. மெக்சிகோ எல்லையில் சுவர் எழுப்ப 2018 டிசம்பரில் பிரையன் கோல்ஃபேஜ் என்ற முன்னாள் விமானப் படை வீரர் நிதி திரட்டத் தொடங்கினார். 'வீ பில்ட் த வால்' என்ற அந்த முயற்சிக்கு ட்ரம்ப் ஆதரவாளர்கள் 2.5 கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள். ஒரு காசும் எடுக்க மாட்டேன் என்றவர், வேறொரு அமைப்பு, போலி விலைப்பட்டியல் என்று பணத்தைச் சுற்றிவிட்டு 3,50,000 டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டார். 2023-இல் நாலேகால் ஆண்டுச் சிறை. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட, ட்ரம்ப்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பானனுக்கு 2021 ஜனவரியில் ட்ரம்ப்பே மன்னிப்பு வழங்கினார். 2025 பிப்ரவரியில் நியூயார்க் மாநில வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோதும் பானன் சிறைக்குப் போகவில்லை. சுவர் கொஞ்ச தூரம் எழும்பியதும் உண்மைதான். கண்ணெதிரே வேலை நடந்தால் யார் கணக்குக் கேட்பார்கள்?

ஏமாந்த தொண்டர் வாய் திறக்காததுதான் மோசடிக்காரரின் பெரிய பலம். கட்சிக்குக் கெட்ட பெயர் என்று நாலு நாள் விழுங்கிக்கொண்டு இருப்பார். பணமோ சில நிமிடங்களில் பிறரிடம் வாடகைக்கு வாங்கிய வங்கிக் கணக்குகள் வழியாகக் கைமாறிவிடும். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைத்தால் அந்தக் கணக்குகளில் மிச்சம் இருப்பதையாவது முடக்க வாய்ப்புண்டு. யுபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்க எண், தொகை, நேரம், பெற்றவரின் முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எந்தக் கட்சி என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வங்கி பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. ரகசிய எண்ணையோ ஓடிபியையோ நாமே கொடுத்துப் போன பணத்துக்கு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம் தலையில்தான்.

ஒரு யோசனை. ஒவ்வொரு கட்சியிடமும் அதன் நன்கொடைக் கணக்கின் பெயரையும் யுபிஐ முகவரியையும் எழுத்தில் கேட்டு வாங்கி, தேர்தல் அட்டவணை வெளியாகும் நாளில் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். தராத கட்சியின் பெயருக்கு எதிரே இடத்தைக் காலியாகவே விடுங்கள்.

இப்படிக்கு,
வங்கிப் பணியில் உள்ள வாசகர்,
திருச்சி.