செடிக்கு மணி தெரியுதுங்க, லைட்டு போடறவங்களுக்குத்தான் தெரியல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

போன வாரம் உங்க பேப்பர்ல சிறுவர் பக்கத்துல, புளியமரம் ராத்திரியில ஏன் இலையை மடக்குதுன்னு ஒரு பையன் கேட்டதுக்கு, வெளிச்சம் போனா மடங்கிக்கும்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க. பாதிதானுங்க சரி. 1729லயே பிரான்ஸ்ல டி மேரான்னு ஒருத்தரு, வானத்த ஆராயற ஆளு, தொட்டாச்சிணுங்கி மாதிரி ஒரு செடியத் தூக்கி இருட்டுக்குள்ள வெச்சுப் பாத்தாரு, வெயிலே படல, ஆனாலும் பகல்ல இலை விரியுது, பொழுதோட மடங்குது. அப்பவும் சூரியன எப்படியோ உணருது போலன்னுதான் நெனச்சாங்க. நூறு வருசம் கழிச்சு 1832ல டி கண்டோல்னு இன்னொருத்தரு, விடாம வெளிச்சத்துலயே செடிய வெச்சாரு, அது 24 மணிக்கு மடங்காம 22, 23 மணி நேரத்துக்கு ஒருக்கா மடங்குச்சுங்க. சூரியனப் பாத்து நடந்தா 24 தானே வரணும்? அப்ப கடிகாரம் உள்ளதான் இருக்குன்னு ஆகுதில்ல.

அந்தக் கடிகாரம் ஜீன்ல ஓடுது. அராபிடாப்சிஸ்னு கடுகு சாதியில ஒரு சின்னச் செடி, அதுலதான் இத நல்லாப் பிரிச்சுப் பாத்திருக்காங்க. வெடியால சிசிஏ1, எல்ஹெச்ஒய்னு ரெண்டு ஜீன் வேலைய ஆரம்பிக்குது, அதுங்க செய்யற புரதம் போயி டாக்1ங்கற ஜீனை அமுக்கி வெச்சுக்குது, பொழுது ஏற ஏற அந்தப் புரதம் கொறைஞ்சு போயிருது, சாயங்காலம் டாக்1 தலை தூக்குது, இப்ப அது செய்யற புரதம் காலை ஜீன் ரெண்டையும் அமுக்குது, விடியறதுக்குள்ள அதுவும் கொறைய மறுக்கா மொதல்ல இருந்து. நடுவுல இன்னும் பல ஜீன் இருக்குதுங்க, அத்தனையும் இங்க எழுதுனா நீங்க போட மாட்டீங்க. தெனமும் விடியற வெளிச்சம் பட்டு இந்தச் சுத்து நேரத்துக்குச் சரியாகிக்குது, அவ்வளவுதான் வெளிச்சத்தோட வேலை.

இதனால என்ன லாபம்னு கேட்டா, பகல்ல சேத்த மாவுச்சத்த ராத்திரி பூரா வர்ற மாதிரி அளந்து செலவு பண்ணுதுங்க, மாசக் கடைசி வரைக்கும் சம்பளத்த இழுத்துப் புடிக்கற குடும்பம் மாதிரி. விடியறப்ப கிட்டத்தட்ட எல்லாம் தீந்திருக்கும், ஆனா முன்னாடியே தீராது.

சரி, நான் எழுத வந்தது வேறங்க. காங்கேயம் பக்கம் எங்க காட்டோரம் தார் ரோட்டுல புதுசா வெள்ளை எல்இடி லைட்டு போட்டிருக்காங்க. ரோட்டுக்கு லைட்டு வேண்டாம்னு சொல்லல, பொம்பளப் புள்ளைங்க கம்பெனி பஸ்ல எறங்கி நடந்து வர்ற ரோடு, வேணும். ஆனா அந்த வெளிச்சம் பாதி ரோட்டுல விழுகுது, மீதி கிளுவை வேலியத் தாண்டி அவரைப் பந்தல் மேல விழுகுது. லைட்டுக்கு நேரா இருக்கற கொடி தழைஞ்சு கெடக்குது, பூவக் காணோம், அக்கட்டால இருட்டுல இருக்கறது கொத்துக் கொத்தாப் பூத்திருக்குது. ஒரே வெதை, ஒரே தண்ணி.

நாட்டு அவரை ராத்திரி நீண்டாத்தான் பூக்கும், அதுக்குத்தான் ஆடிப் பட்டத்துல போடறது, தையில போட்டா கொடிதான் ஓடும். நம்ம பக்கம் ஆனி மாசப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசமே ஒன்னேகால் மணி நேரந்தான், அத்தினியூண்டு வித்தியாசத்த உள்ள இருக்கற கடிகாரத்த வெச்சு அளக்கற செடிகிட்ட ராத்திரி முச்சூடும் லைட்டப் புடிச்சா அது என்னங்க பண்ணும்? அமெரிக்காவுல கார்னர், அல்லார்டுன்னு ரெண்டு பேரு 1920லயே புகையிலையிலயும் சோயாவுலயும் பகல் நீளத்துக்கும் பூவுக்கும் இருக்கற சம்பந்தத்தச் சொல்லிட்டாங்க. அதுக்கப்பறம் வந்த சோதனையில, நீண்ட ராத்திரி தேவைப்படற சில செடிக்கு நடுராத்திரியில கொஞ்ச நேரம் லைட்டு காட்டுனாலே பூக்காதுன்னும் தெரிஞ்சு போச்சு. செவ்வந்திக்காரங்க இத வெச்சுத்தான் பல்பு கட்டிப் பூவத் தள்ளிப் போடறாங்க, அவங்க வேணும்னு பண்றாங்க, நாங்க வேண்டாம்னு சொல்றோம்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்துல விட்ட குத்து அவரை இருக்கே, அது பகல் நீளத்தப் பாக்காம வருசம் பூராக் காய்க்குமே, அதப் போடுங்கன்னு லைட்டு போட்ட ஆளுங்க சொல்றாங்க. போடலாமுங்க. ஆனா லைட்டுக்காக வெதைய மாத்தறதா, ஒரு தகர மறைப்பு வெக்கறதான்னு நீங்களே சொல்லுங்க. கம்பத்துல காட்டுப் பக்கம் மட்டும் மறைச்சு, தலையக் கீழ பாத்த மாதிரி திருப்பி விட்டாப் போதும், ரோட்டுக்கு வெளிச்சம் இன்னும் கூடத்தான் கெடைக்கும். பத்து மணிக்கு மேல அணைச்சர்றோம்னு ஒருத்தர் சொன்னாரு, அது பத்தாதுங்க, பத்து மணி வரைக்கும் எரிஞ்சாலே செடிக்கு ராத்திரி சுருங்கிப் போச்சு, அதுவுமில்லாம நடந்து வர்றவங்களுக்கும் இருட்டாயிரும்.

அடுத்த பூப் பருவத்துக்குள்ள மறைப்பு போட்டுக் குடுக்கச் சொல்லி உங்க விவசாயப் பக்கத்துல நாலு வரி எழுதுங்க. அந்தப் பையனுக்கும் பதில இன்னொருக்காப் போட்டுருங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர், காங்கேயம்