71 என்ற எண்ணைப் பற்றி

அன்புள்ள சண்முகம்,

ஓய்வு பெற்ற செய்தியை ஒரே வரியில் முடித்துவிட்டு, மீதிக் கடிதம் முழுக்க மகனைப் பற்றித்தான் எழுதியிருந்தாய். நானும் அவனிடமிருந்தே தொடங்குகிறேன்.

"144-க்கு 71, பாதிக்கும் குறைவுதானே?" என்று கேட்டிருந்தாய். பரீட்சை மார்க் மாதிரி பார்க்காதே. அவன் நிரப்பியது லீபோவிட்ஸ் அளவுகோல்; சமூகப் பதற்றத்தை, அதாவது பிறர் முன்னிலையில் வரும் பயத்தை, அளக்கும் கேள்வித்தாள். 1987-இல் வந்தது, இன்றும் நாங்கள் கையாள்வது. அதில் 30-ஐத் தொட்டாலே சமூகப் பதற்றம் இருக்குமோ என்று விசாரிப்போம். 60-க்கு மேல் என்றால், மேடைப் பேச்சு போன்ற ஒன்றிரண்டு இடங்களோடு அது நிற்கவில்லை என்று நினைப்போம்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது நீ போகிறபோக்கில் எழுதிய விவரம்: பயத்துக்கு 28, தவிர்ப்புக்கு 43. அந்தத் தாளில் 24 சூழல்கள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு பயம், எந்த அளவுக்கு ஒதுங்குகிறாய் என்று தனித்தனியே 0 முதல் 3 வரை போட வேண்டும். பயப்படும் இடத்துக்கே போகாதவனுக்குப் பயம் குறைவாகத்தானே தெரியும்? எதிர்கொள்ளாத சூழலைக் கற்பனை செய்து பதில் சொல்லச் சொல்வார்கள். பூட்டிய அறைக்குள் இருந்துகொண்டு அதைக் கற்பனை செய்வது எளிதல்ல. தவிர, கேட்பது கடந்த ஒரு வாரத்தைப் பற்றி. அவன் நிரப்பியதோ விடுமுறையில். எல்லோரும் உட்கார்ந்த பிறகு வகுப்புக்குள் நுழைய வேண்டிய வாரத்தில் கேட்டிருந்தால்?

வேலைக்கு வந்த புதிதில் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து ஒரு மாணவியிடம் "லேசானதுதான்" என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பருவம் முழுக்க அவள் ஒரு வாய்மொழித் தேர்வுக்கும் போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இன்றும் அது உறுத்துகிறது.

"அவனே ஒன்றுமில்லை என்கிறான்" என்கிறாய். 2020-இல் வெளியான ஆய்வொன்றில், 7 நாடுகளில் 16 முதல் 29 வயதுவரை உள்ள 6,825 பேரிடம் வேறோர் அளவுகோலை வைத்துக் கேட்டார்கள். தமக்குச் சமூகப் பதற்றம் இல்லை என்று நம்பியபடியே எல்லையைத் தாண்டியிருந்தவர்கள் 100-க்கு 18 பேர். அவன் பொய் சொல்கிறான் என்று நினைத்துவிடாதே. ஒதுங்கியே பழகியவனுக்கு அது தன் சுபாவமாகவே தோன்றும்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. அவனுக்கு வரும் போனை எடுத்து நீதான் பேசுகிறாயா? அப்படியென்றால் மருத்துவரிடம் அதையும் சொல். அந்த 43-இல் உன் பங்கும் கொஞ்சம் ஒளிந்திருக்கலாம்.

தாளைப் படம் எடுத்து அனுப்பு. அவன் சம்மதித்தால் மட்டும்.

அன்புடன்,
ராகவன்