கட்டுரை எழுதக் கற்றுத்தராமல் மாணவரைக் குறை சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போலி ஆய்விதழ்களில் பணம் கட்டிக் கட்டுரை வெளியிடும் ஆராய்ச்சி மாணவர்களைக் கண்டித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லப்பட்ட அவலம் உண்மைதான். ஆனால் பழி முழுவதும் மாணவர் தலையில் விழுந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நெல்லை வட்டாரத்தில் நெடுங்காலம் விலங்கியல் கற்பித்து, ஆராய்ச்சி நெறியாளராகவும் இருந்து ஓய்வுபெற்றவள் நான். ஓர் ஆய்வுக் கட்டுரையை எப்படி எழுதுவது, எந்த இதழுக்கு அனுப்புவது, அது திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதை நம் கல்லூரிகளில் பெரும்பாலானவை சொல்லித் தருவதே இல்லை. சொல்லித் தராததைத்தான் மாணவர்கள் வெளியே விலைக்கு வாங்குகிறார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் வகுத்த விதிப்படி, முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் மதிப்பாய்வு செய்யப்படும், அதாவது அத்துறை அறிஞர்கள் படித்துச் சொல்லும் கருத்தைக் கேட்டே கட்டுரையை ஏற்கும், இதழ் ஒன்றில் ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும். 2022 நவம்பரில் வந்த புதிய விதிகள் இந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டன. ஆயினும் உதவிப் பேராசிரியர் நேர்காணலிலும் பதவி உயர்விலும் கட்டுரைகளைத்தான் எண்ணுகிறார்கள், நெருக்கடி குறையவில்லை. எது நல்ல இதழ் என்று காட்ட மானியக் குழு 2017-இல் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதற்குள் போலிகளும் புகுந்துவிட, 2018 மே மாதம் 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்க வேண்டி வந்தது. பிறகு அதற்குப் பதிலாக ‘கேர்’ என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, இதழைத் தேர்ந்தறியும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டார்கள். முடிவு சரியானதுதான். ஆனால் இத்தனை ஆண்டுகள் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டே பழகிய துறைகளில், ஓர் இதழைப் படித்து அதன் தரத்தை எடைபோடும் பழக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது?

இந்த வெற்றிடத்தில்தான் ‘பிராஜெக்ட் சென்டர்’ என்ற பெயர்ப்பலகைகள் முளைக்கின்றன. ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், பைண்டிங்கும் டைப்பிங்கும் செய்து தருகிற அதே இடத்தில், கட்டுரையும் வெளியிட்டுத் தருவதாக எழுதியிருக்கும். ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தையும் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தால், சில நாளில் ஏற்புக் கடிதம் வந்துவிடும். மதிப்பாய்வாளர் கருத்து என்று ஒரு வரிகூட அதில் இருக்காது. அயலார் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற 2018-ஆம் ஆண்டு விதிக்கு அஞ்சி, மென்பொருளைக் கொண்டு சொற்களை மாற்றியும் தருகிறார்கள். சதவீதம் குறைகிறது, கூடவே அறிவியலும் சிதைகிறது. ஒரு கட்டுரையில் ‘அசைவற்ற நீர்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘உணர்ச்சியற்ற நீர்’ என்று பொருள்படும் சொல் அச்சாகியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இது நம் ஊரோடு நிற்கிற சிக்கலும் அல்ல. 2013-இல் ஜான் போஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர், பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் லைக்கனிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்ததாக ஒரு பொய்க் கட்டுரையைத் தயாரித்து, கட்டணம் வாங்கும் 304 இதழ்களுக்கு அனுப்பினார். பள்ளி வேதியியல் தெரிந்தவரே கண்டுபிடிக்கக்கூடிய பிழைகளை வேண்டுமென்றே அதில் வைத்திருந்தார். 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. அவற்றில் கணிசமானவை இந்தியாவிலிருந்து நடத்தப்பட்டவை. ‘சயன்ஸ்’ இதழில் அந்த விவரம் வந்தபோது என் துறையில் அதை நகலெடுத்து எல்லாருக்கும் கொடுத்தேன். படித்தவர்கள் வருத்தப்பட்டார்கள். பாடத்திட்டத்தில் ஒன்றும் மாறவில்லை.

நேர்வழியில் ஒரு கட்டுரை எப்படி உருவாகிறது என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு மாணவி, அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி, தாமிரபரணிக் கால்வாய்களிலும் குளங்களிலும் தும்பிகளைக் கணக்கெடுத்தார். களக் குறிப்பேடுகள் அருமையானவை. ஆய்வேட்டின் அத்தியாயத்தை அப்படியே சுருக்கி அனுப்பிவிடலாம் என்று அவர் நினைத்தார். நாங்கள் முதலில் செய்தது அதைச் சுருக்குவதல்ல. ‘இந்தக் கட்டுரை எந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது?’ என்று கேட்டு, அந்தக் கேள்விக்குத் தேவையில்லாத அட்டவணைகளை எல்லாம் எடுத்துவிட்டதுதான். தும்பிகளின் பட்டியல், நீரின் வேதியியல், பூச்சிக்கொல்லி பற்றிய ஊகம் எல்லாம் ஒரே கட்டுரையில் இருந்தன. கடைசியில் நின்ற கேள்வி ஒன்றே ஒன்று: சிமெண்ட் பூசிய கால்வாயிலும் மண்கரைக் கால்வாயிலும் தும்பி வகைகள் வேறுபடுகின்றனவா?

அடுத்து இதழ். எழுதிய பிறகு இதழ் தேடுவது வீண்வேலை. எங்கே அனுப்பப் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவுசெய்து, அந்த இதழின் அண்மைய வெளியீடுகள் சிலவற்றை உட்கார்ந்து படிக்க வேண்டும். அங்கே நம்மைப் போன்ற ஆய்வு வந்திருக்கிறதா, ஆசிரியர் குழுவில் இருப்போர் உண்மையில் அந்தத் துறையில் உழைப்பவர்களா, கட்டணம் உண்டென்றால் அது வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பணம் கட்டினால்தான் கட்டுரை வரும் என்று நம் மாணவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். பெங்களூருவில் 1932-இல் தொடங்கிய ‘கரண்ட் சயன்ஸ்’ இன்றும் வருகிறது. சர் சி.வி. ராமன் 1934-இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமி இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தனித்தனி இதழ்கள் நடத்துகிறது. கட்டுரை வெளியிட எழுதியவரிடம் பணம் கேட்பதில்லை. விலங்கியல், தாவரவியல் மாணவர்களுக்கு நம் கோயம்புத்தூரிலிருந்தே 2009 முதல் ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்ஸா’ வருகிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். இந்தப் பெயர்களைக் கேள்விப்படாமலேயே முனைவர் பட்டம் வரை வந்துவிட்ட மாணவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

எழுதுகிற வரிசையும் படிக்கிற வரிசையும் ஒன்றல்ல. படங்களையும் அட்டவணைகளையும் முதலில் முடிக்கச் சொன்னேன். பிறகு செய்முறை: இன்னொருவர் அதே கால்வாய்க்குப் போய், அதே நேரத்தில், அதே தூரம் நடந்து கணக்கெடுக்கும்படி அது இருக்க வேண்டும். அதன் பின் முடிவுகள், விவாதம், முன்னுரை. சுருக்கம் கடைசியில். வரைபடத்தில் அளவுகோலும் திசைக்குறியும் இல்லாததால் அதை மீண்டும் வரைந்தோம். உயிரினங்களின் அறிவியல் பெயர்களில் அடைப்புக்குறிகளை அவர் தேவையற்றவை என்று நீக்கியிருந்தார். நம் குளத்தோரங்களில் சாதாரணமாகப் பார்க்கும் மஞ்சள் ஊசித்தட்டானின் பெயருக்குப் பின்னால் (ஃபேப்ரிசியஸ், 1798) என்று அடைப்புக்குறிக்குள் வருவதற்குக் காரணம் உண்டு: அதை முதலில் விவரித்த ஃபேப்ரிசியஸ் அதை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார், பின்னால் வந்தவர்கள் பேரினத்தை மாற்றினார்கள். அந்த வரலாறு முழுவதும் இரண்டு வளைவுகளுக்குள் இருக்கிறது. மாணவி அன்று அந்த அட்டவணையின் எல்லாப் பெயர்களையும் மூலநூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார், நான் சொல்லாமலே.

கட்டுரையை எழுதியவர்களின் பெயர் வரிசையில்தான் மோதல் வந்தது. களத்தை எட்டிக்கூடப் பார்க்காத நிர்வாகி ஒருவர் தம் பெயரையும் சேர்க்க வேண்டும் என்றார். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு இதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது ஆழ்ந்து திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், ஆய்வு முழுவதற்கும் பதில்சொல்லும் பொறுப்பு. நான்கும் சேர்ந்தால்தான் ஒருவர் கட்டுரையாசிரியர். அந்தப் பக்கத்தை அச்செடுத்து அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பெயர் சேரவில்லை. நெறியாளர் துணை நிற்காவிட்டால் ஒரு மாணவியால் இதைத் தனியாகச் செய்ய முடியுமா?

முதலில் அனுப்பிய இதழ், மதிப்பாய்வுக்கே அனுப்பாமல், ‘எங்கள் எல்லைக்குள் வரவில்லை’ என்று திருப்பிவிட்டது. மாணவி அழுதுவிட்டார். இது தோல்வி அல்ல, உலகெங்கும் அன்றாடம் நடப்பது என்று யாரும் அவரிடம் அதுவரை சொன்னதில்லை. இரண்டாவது இதழின் மதிப்பாய்வாளர் ஒருவர் கேட்ட கேள்விகளை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ‘வடகிழக்குப் பருவமழை நாள்களில் உங்கள் எண்ணிக்கை பூஜ்யம். அங்கே தும்பியே இல்லையா, அல்லது மழையில் பறக்காததால் உங்கள் கண்ணில் படவில்லையா?’ என்று கேட்டிருந்தார். இன்னொன்று: அக்டோபரில் திரளாகத் தெரிந்ததாக எழுதியிருந்த பாண்டலா ஃபிளேவசன்ஸ் இடம்பெயரும் தும்பி. இந்தியாவிலிருந்து இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை அது போகக்கூடும் என்று, மாலத்தீவில் அவை திரளாக வந்திறங்குவதைக் கவனித்த சார்ல்ஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009-இல் எழுதியிருந்தார். ‘வழிப்போக்கர்களைக் கால்வாயின் குடிகளோடு சேர்த்து எண்ணலாமா?’ என்று மதிப்பாய்வாளர் கேட்டார். கணக்கை மறுபடியும் போட்டோம். மழை நாள்களைத் தனியே பிரித்தோம். முடிவு சற்று மாறியது. முன்பைவிட உறுதியாகவும் ஆனது. ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே எடுத்தெழுதி, அதன் கீழே பதிலும், கட்டுரையில் எந்தப் பக்கத்தில் எந்த வரியில் மாற்றினோம் என்பதும் எழுதி அனுப்பினோம். அவர் சொன்ன ஒன்றை நாங்கள் ஏற்கவில்லை என்றால் காரணத்தை மரியாதையாகச் சொன்னோம். பெயர் தெரியாத ஒரு மனிதர், ஒரு பைசா வாங்காமல், எங்கள் பிள்ளையின் கட்டுரையை எங்களைவிடக் கவனமாகப் படித்திருந்தார். மேல்மாடி சென்டரில் பணம் கட்டுகிற மாணவர் இழப்பது இதைத்தான்.

கணிதமேதை இராமானுஜன் தம் முதல் கட்டுரையை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழுக்கு அனுப்பியபோது, அதன் ஆசிரியர் நாராயண ஐயங்கார் அதைத் திருத்தச் சொல்லித் திரும்பத் திரும்ப அனுப்பினார். முறைகள் புதியவை, ஆனால் எழுத்தில் தெளிவு போதவில்லை என்பது அவர் குறை. பெர்னூலி எண்களைப் பற்றிய அந்தக் கட்டுரை 1911-இல் வெளிவந்தது. இராமானுஜனுக்கே வேண்டியிருந்த அந்தப் பொறுமையான கை, இன்று ஆலங்குளத்திலிருந்தோ வாசுதேவநல்லூரிலிருந்தோ வரும் மாணவருக்கு வேண்டாமா?

ஆராய்ச்சி மாணவர் அனைவரும் ‘ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு அறம்’ என்ற பாடத்தைப் படிக்க வேண்டும் என்று மானியக் குழு ஏற்கெனவே விதித்திருக்கிறது. முப்பது மணி நேரம், இரண்டு கிரெடிட். பல இடங்களில் அதைக் குறிப்புகள் கொடுத்துத் தேர்வு வைத்து முடித்துவிடுகிறார்கள். அந்த முப்பது மணியில் பாதியையாவது பட்டறையாக மாற்றுங்கள் என்று பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாணவர் தம் கைப்பிரதியோடு வரட்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் மதிப்பாய்வாளராக இருந்து படிக்கட்டும். நெறியாளர்கள் தங்களுக்கு வந்த நிராகரிப்புக் கடிதங்களைக் கொண்டுவந்து காட்டட்டும். தேர்வுத்தாளுக்குப் பதில், உண்மையான இதழ் ஒன்றுக்குக் கட்டுரையோடு சேர்த்து எழுதிய முகப்புக் கடிதத்துக்கும் மதிப்பாய்வுக்கு எழுதிய பதிலுக்கும் மதிப்பெண் தரட்டும்.

படிக்க இதழ் கிடைக்காமல் எழுத முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதன் வழியே கிடைக்கின்றன. மிகப் பெரிய உதவி. ஆனால் அது அரசுகள் நடத்தும் நிறுவனங்களுக்காக வந்தது. தமிழகத்தில் ஆராய்ச்சி மாணவர்கள் பெருந்தொகையாக இருக்கும் சுயநிதிக் கல்லூரிகள் வெளியே நிற்கின்றன. அருகிலுள்ள அரசுக் கல்லூரி நூலகத்தில் வாரம் ஒரு நாளாவது இவர்களையும் உட்கார்ந்து படிக்க அனுமதிக்க உயர்கல்வித் துறை வழிசெய்ய வேண்டும்.

திருநெல்வேலி, தென்காசி மாவட்டக் கல்லூரி முதல்வர்கள் யாரேனும் சனிக்கிழமைகளில் ஓர் அறை தந்தால் நான் வருகிறேன், ஊதியம் வேண்டாம். என்னைப் போல ஓய்வுபெற்ற வேதியியல், தாவரவியல் ஆசிரியர்கள் சிலரும் வர இசைந்திருக்கிறார்கள். எந்தக் கல்லூரி மாணவரும் வரலாம். கைப்பிரதி, களக் குறிப்பேடு, ஏதேனும் இதழிலிருந்து திரும்பி வந்த கடிதம் இருந்தால் அது, இவற்றைக் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் இணைப் பேராசிரியை,
பாளையங்கோட்டை.