விபத்தை மட்டுமல்ல, கணக்கையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசியக் கணித நாளையொட்டி நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். இராமானுஜனுக்குப் பின் வந்த தமிழ்நாட்டுக் கணித அறிஞர்களைப் பற்றிய பெட்டிச் செய்தியில் எஸ். எஸ். பிள்ளையின் பெயரும் இருந்தது. மகிழ்ச்சி. ஆனால் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: அமெரிக்கா போகும் வழியில் விமான விபத்தில் இறந்தவர் என்று. அவர் என்ன கணக்குப் போட்டார் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மேல்நிலைப் பள்ளியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கே அவரைத் தெரியவில்லை என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901 ஏப்ரல் 5-ல் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் தந்தையும் போய்விட்டார். அதோடு படிப்பு நின்றிருக்க வேண்டியது. சாஸ்திரியார் என்ற பள்ளி ஆசிரியர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து அவரைப் படிக்க வைத்தார். அந்தக் காலத்தில் பள்ளி ஆசிரியர் சம்பளம் எவ்வளவு இருந்திருக்கும்! அதிலும் ஒரு பங்கை எடுத்து ஒரு பையனுக்குக் கொடுக்க எப்படிப்பட்ட மனசு வேண்டும்! பிள்ளையைப் பற்றி யார் எழுதினாலும் அந்த ஆசிரியரையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, 1927-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவித்தொகை. அங்கே கே. ஆனந்த ராவ், வைத்தியநாதசுவாமி ஆகிய கணிதப் பேராசிரியர்களிடம் பயின்றார். 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய ஆண்டிலேயே அங்கு விரிவுரையாளராகச் சேர்ந்து 1941 வரை இருந்தார். அவருடைய பெரிய வேலைகள் எல்லாம் இந்தச் சிதம்பர ஆண்டுகளில் நடந்தவை. கேம்பிரிட்ஜில் இருந்துதான் கணிதம் வரும் என்று பலரும் நினைத்திருந்த காலம் அது. அப்போது புத்தம் புதிய ஒரு பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுத்துக்கொண்டே, உலகத்தின் முன்னணி எண் கோட்பாட்டாளர்கள் மோதிக்கொண்டிருந்த கேள்வி ஒன்றில் இவர் இறங்கினார்.

அந்தக் கேள்வியைப் பத்தாம் வகுப்பு மாணவருக்குத் தாராளமாகச் சொல்லலாம். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்க எண்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று லாக்ராஞ்சு 1770-ல் நிறுவினார். அதே ஆண்டு வேரிங் என்ற ஆங்கிலேயர், கனங்கள் என்றால் ஒன்பது போதும், நான்காம் அடுக்கு என்றால் 19 போதும், இப்படியே ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் எல்லை இருக்கும் என்று நிரூபணம் இல்லாமல் சொல்லிவைத்தார். அப்படி ஓர் எல்லை உண்டு என்பதை ஹில்பர்ட் 1909-ல்தான் நிறுவினார். சரி, உண்டு. எவ்வளவு? இதற்குத்தான் பிள்ளை விடை தேடினார்.

ஆறாம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். 703 என்ற எண்ணைப் பாருங்கள். 3-இன் ஆறாம் அடுக்கு 729. அது 703-ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே கையில் இருப்பவை 2-இன் ஆறாம் அடுக்கான 64-ம் 1-ம் மட்டும். பத்து 64 சேர்ந்தால் 640. மீதி 63-க்கு அறுபத்து மூன்று 1. மொத்தம் 73 எண்கள். இதற்குக் குறைவாக முடியாது. இதுவரை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் 703-க்கு மட்டுமல்ல, எவ்வளவு பெரிய எண்ணைக் கொடுத்தாலும் 73 போதும் என்று நிறுவ வேண்டுமே! அதுதான் மலை. பிள்ளை அதை ஏறி முடித்தார். கட்டுரை 1940-ல் இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் வெளிவந்தது. கணிப்பொறி இல்லாத காலம். மிகப் பெரிய எண்களுக்கு ஹார்டி, லிட்டில்வுட், வினோகிராடோவ் வளர்த்த பகுப்பாய்வு முறை கைகொடுக்கும். அதற்குக் கீழே உள்ள எண்களை எல்லாம் கையாலேயே கணக்கிட்டு ஏற வேண்டும். ஏழாம் அடுக்குக்கும் அதற்கு மேலும் பிள்ளையும் அமெரிக்காவின் டிக்சனும் அதே ஆண்டுகளில் தனித்தனியாகப் பொதுச் சூத்திரத்தைக் கண்டார்கள். ஆறாம் அடுக்கு பிள்ளையுடையது.

அடுக்கு சிறியதாக ஆக ஆக வேலை எளிதாகும் என்று தோன்றும். இங்கே அப்படியில்லை. ஐந்தாம் அடுக்குக்கு 37 என்பதைச் சீனாவின் சென் ஜிங்ருன் 1964-ல் நிறுவினார். நான்காம் அடுக்குக்கு 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேரிங் சொன்ன அந்த 19-ஐ நிறுவிய மூவரில் ஒருவர் நம் ஆர். பாலசுப்பிரமணியன், மற்ற இருவர் பிரெஞ்சுக்காரர்கள். பிள்ளையின் ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பதிப்பித்தவர்களிலும் அவர் ஒருவர். இந்தத் தொடர்ச்சியை நம் மாணவர்களுக்கு யார் சொல்வது?

நான் வகுப்பில் அதிகம் பயன்படுத்தியது பிள்ளையின் வேறொரு முடிவை. அடுத்தடுத்து வரும் சில எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 16 வரை எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். அவற்றில் மற்ற எல்லாவற்றோடும் சார்பகா எண்ணாக, அதாவது 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாததாக, அமையும் ஓர் எண் கட்டாயம் இருக்கும். இதைச் சொன்னதும் வகுப்பே உடைத்துக்காட்டக் கிளம்பிவிடும். 114 முதல் 126 வரை பகா எண் ஒன்றுகூட இல்லை என்பதைக் கண்டுபிடித்து, ‘டீச்சர், இதுல இல்ல’ என்று துள்ளிக்கொண்டு வருவார்கள். 121 இருக்கிறதே! அதன் ஒரே பகாக் காரணி 11. அந்த வரிசையில் 11-இன் மடங்கு வேறு எதுவும் கிடையாது. 17 எண்கள் என்றால் இது தவறிவிடும். 2184 முதல் 2200 வரை எழுதிப் பாருங்கள். 2197 தப்பித்துவிடும் போல இருக்கும். ஆனால் அது 13-இன் கனம், 2184-ம் 13-ஆல் வகுபடும். 2189-ல் 11 இருக்கிறது, 2200-லும் இருக்கிறது. மீப்பெரு பொது வகுத்திக் (மீ.பொ.வ.) கணக்கை வீட்டுப்பாடமாக மட்டுமே பார்த்த பிள்ளைகள் இதற்காக மணி அடித்த பிறகும் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் விட்டுச்சென்ற கேள்வி ஒன்று இன்னும் திறந்தே கிடக்கிறது. 4, 8, 9, 16, 25, 27, 32 என்று வர்க்கம், கனம் முதலான அடுக்கு எண்களை வரிசையாக எழுதினால், குறிப்பிட்ட ஒரு வித்தியாசம் சில முறைதான் வரும், முடிவில்லாமல் வராது என்பது பிள்ளையின் கணிப்பு. வித்தியாசம் 1 என்பது 8, 9-க்கு மட்டுமே என்று மிகைலெஸ்கு 2002-ல் நிறுவினார். 25, 27-க்கு இடையே உள்ள வித்தியாசம் 2 சில முறைதான் வரும் என்பதற்கு இதுவரை நிரூபணம் இல்லை.

1941-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம், அடுத்த ஆண்டு கல்கத்தா. 1950-ல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஓராண்டு தங்க அழைத்தது. ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டில் சென்னைப் பல்கலைக்கழகப் பிரதிநிதியாகவும் அவர் கலந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 31-ல் பம்பாயிலிருந்து சென்ற விமானம் கெய்ரோவைத் தாண்டி விழுந்தது. 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அப்போது அவருக்கு 49 வயது. நீங்கள் எழுதிய ஒரு வரி இதுதான்.

பாடநூல் குழுவுக்கு ஒரு வேண்டுகோள்: பத்தாம் வகுப்பின் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ பாடத்தில் அவருக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். 703-ம் அந்தப் பதினேழு எண்களும் பயிற்சிக் கணக்காகவே இடம்பெறலாம். மாணவருக்குப் புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களுக்கும் ஒன்று: வரும் ஏப்ரல் 5 அன்று மாணவர் பக்கத்தில் அவர் படத்தோடு, 239 என்ற எண்ணைக் குறைந்தது எத்தனை கனங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று கேளுங்கள். விடையை அன்றே போட்டுவிடாதீர்கள். மறுநாள் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
செங்கோட்டை.