வடோதரா புறப்படும் மகளுக்கு

மண்டபம்,
மார்கழி முதல் வாரம்.

அன்பு மகள் மலர்விழிக்கு அம்மா எழுதுவது.

நீ கேட்டதற்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லத் தொடங்கினேன். ஆனால் கடற்காற்றின் இரைச்சலில் பாதிப் பேச்சு உன் காதில் விழவில்லை. மீதியை நீ அலுவலக அவசரத்தில் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆகவே எழுதுகிறேன். சென்னை வீட்டை மொத்தமாகக் காலி செய்து, கட்டில் முதல் கரண்டி வரை ஒரே வண்டியில் ஏற்றி, வடோதராவில் கொண்டுபோய் இறக்கித் தருவதாகச் சொல்லும் நிறுவனத்துக்கு முன்பணம் கட்டிவிடலாமா என்று கேட்டாய். கட்ட வேண்டாம் என்பதே என் எண்ணம். அவர்கள் கேட்கும் தொகை மட்டும் காரணம் அன்று. எந்தத் தெருவில், எந்த மாடியில் அந்தச் சாமானை இறக்குவது என்பது இன்றைக்கு உனக்கே தெரியாது என்பதுதான் முதற்காரணம்.

வீடு கிடைப்பதைப் பற்றி நீ இலேசாகப் பேசினாய். குஜராத்தில் வாடகைக்கு விடுபவர்களில் பலர் புலால் சமைப்பவர்களுக்கு வீடு தருவதில்லை. அது அவர்கள் வழக்கம், அதில் நாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாரத்தில் பாதி நாள் மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊரில் பிறந்தவள் நீ. உன் சமையலுக்கு ஒத்துக்கொள்ளும் வீட்டுக்காரரைத் தேடிப் பிடிக்கச் சில வாரங்களாவது ஆகும். அதுவரை பெண்கள் விடுதி ஒன்றில் அறை எடுத்துக்கொள். நீ விடுதியில் இருக்கையில் உன் பீரோவும் குளிர்சாதனப் பெட்டியும் ஏதோ ஒரு கிடங்கில் நாள் வாடகை ஏற்றிக்கொண்டு கிடப்பதில் என்ன பயன்? எனவே ஆள் ஒரு வழியாகவும், சாமான் வேறு வழிகளிலும், வேறு வேறு நாட்களிலும் போகட்டும். விலை குறைவாக இருப்பதோடு, தேதியை மாற்ற நேர்ந்தால் பணம் முழுவதும் போய்விடாத வழியாகவும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதற்கும் முன்னால் புதிய அலுவலகத்தின் பணியாளர் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பு. இடமாற்றச் செலவை மொத்தத் தொகையாகத் தருவார்களா, ரசீது காட்டினால்தான் தருவார்களா, சேர்ந்த எத்தனை நாட்களுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கு. மொத்தத் தொகை என்றால் மிச்சப்படுத்துவது உன் கைக்கு வரும். ரசீதுக்குத்தான் பணம் என்றால், நான் கீழே சொல்லப்போகும் உன் மாமாவின் லாரிக்கு ஜிஎஸ்டி பில் எதிர்பார்க்க முடியாது என்பதை நினைவில் வை.

நீ போவதற்கு ரயிலே போதும். சென்னை சென்ட்ரலிலிருந்து அகமதாபாத் செல்லும் நவஜீவன் எக்ஸ்பிரஸ் நாள்தோறும் ஓடுகிறது. விஜயவாடா, சூரத் வழியாகப் போய் வடோதராவில் நிற்கும். தினசரி வண்டி என்பதுதான் அதன் பெரிய வசதி. சேர வேண்டிய நாள் தள்ளிப்போனால் அடுத்த நாள் வண்டியைப் பார்க்கலாம். வாரம் ஒருமுறை ஓடும் வண்டியானால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். முன்பதிவு இப்போது 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது (2024 நவம்பர் முதல்). உன் ஜனவரி முதல் வாரப் பயணத்துக்கு இடங்கள் ஏற்கெனவே நிரம்பத் தொடங்கியிருக்கும். புத்தாண்டு விடுமுறைக் கூட்டமும் சேரும். ஆகவே இன்றைக்கே சாதாரண முன்பதிவில் ஒரு சீட்டு எடுத்துவிடு. சாதாரணச் சீட்டை எவ்வளவு முன்னால் ரத்து செய்கிறாயோ அவ்வளவுக்குப் பிடித்தம் குறைவு. தட்கலில் இடம் உறுதியான சீட்டுக்கோ ஒரு ரூபாய்கூடத் திரும்ப வராது. தட்கலை நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பயணத்துக்கு முந்தைய நாள் காலை குளிர்சாதன வகுப்புக்கு 10 மணிக்கும் படுக்கை வகுப்புக்கு 11 மணிக்கும் திறப்பார்கள். 2025 ஜூலையிலிருந்து ஆதார் இணைத்த கணக்கில்தான் இணையவழித் தட்கல் எடுக்க முடியும். அந்த இணைப்பை இன்றைக்கே செய்து வைத்துக்கொள், கடைசி நேரத்தில் ஓடிபிக்காகத் தவிக்காதே.

படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனத்திலும் 40 கிலோ, இரண்டடுக்கில் 50 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுபோகலாம். விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும்தான். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் தீட்டிவிடுவார்கள். நாள் நெருக்கடியாகி அகமதாபாத்துக்கு விமானத்தில் போய் அங்கிருந்து வடோதராவுக்கு வண்டி மாற வேண்டி வந்தால் போ, அதில் தவறில்லை. ஆனால் அதை முதல் திட்டமாக வைக்காதே. சான்றிதழ்கள், நகை, மடிக்கணினி, பழைய அலுவலகம் தந்த பணிவிடுவிப்புக் கடிதம் ஆகியவை எந்த வழியில் போனாலும் உன் தோளில் தொங்கும் பையில்தான் இருக்க வேண்டும். சாமான் மூட்டைக்குள் ஒன்றும் போகக்கூடாது.

இனி கனமான சாமான்கள். உன் மாமாவின் லாரி சாயல்குடிப் பக்கத்திலிருந்து சீமைக் கருவேலக் கரி ஏற்றிக்கொண்டு சென்னைக்கு வந்துபோவது உனக்குத் தெரியும். சென்னையில் கரியை இறக்கியபின் ரிட்டர்ன் லோடு கிடைக்காத நாட்களில் டீசல் செலவை மட்டும் சுமந்துகொண்டு காலியாகத் திரும்புகிறான். உன் கட்டில், பீரோ, சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி நான்கையும் அந்த வண்டியில் நம் வீட்டுக்கு ஏற்றிவிடு; ஏற்று கூலியும் இறக்கு கூலியும் கொடுத்தால் போதும் என்கிறான். ஆனாலும் டீசலில் பாதியை நீ கொடுத்துவிட வேண்டும், உறவுக்காக ஒருவர் தொழிலில் கை வைக்கக் கூடாது. அவனுக்கு நாள் குறித்துக் கொடுக்காதே. உன் சாமானுக்காக அவன் கரி லோடைத் தள்ளிப்போட முடியாது, அவன் வருகிற நாளுக்கு நீதான் தயாராக இருக்க வேண்டும். கரி ஏற்றிய வண்டியில் மெத்தையா என்று முகம் சுளிக்காதே. தண்ணீர் அடித்துக் கழுவி, காயவிட்டு, இரண்டு தார்ப்பாய் விரித்துத்தான் ஏற்றுவான். மீன் ஏற்றும் வண்டியைவிட அது எவ்வளவோ மேல். கரி துடைத்தால் போய்விடும், மீன் கவிச்சி பஞ்சில் ஏறினால் அடுத்த மீன்பிடித் தடைக்காலம் வரை போகாது.

குளிர்சாதனப் பெட்டியை முந்தின நாளே அணைத்து, பனி உருகி நீர் வடிந்தபின் துடைத்து, நிமிர்த்தி வைத்தே ஏற்றச் சொல். இந்த ஊரின் உப்புக் காற்றில் இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. பீரோவின் அடிப்பாகத்துக்கும் கீல்களுக்கும் எண்ணெய் தடவி உள்ளறையில் வைப்பது அப்பாவின் பொறுப்பு. ஓராண்டு கழித்து, வேலை நிலைத்து, வீடும் அமைந்தபின் அவை அங்கே தேவையா, விற்றுவிட்டு அங்கேயே வாங்கலாமா என்று முடிவு செய்வோம். பழைய பெட்டியை அவ்வளவு தூரம் கொண்டுபோகும் கூலி, பல நேரம் அதன் விலையையே தொட்டுவிடும். எரிவாயு உருளையை மட்டும் யார் வண்டியிலும் ஏற்றாதே. உருளையையும் ரெகுலேட்டரையும் சென்னை முகவரிடம் ஒப்படைத்து, வைப்புத்தொகையையும் அதற்கான சீட்டையும் வாங்கிக்கொள். அந்தச் சீட்டைக் காட்டி வடோதராவில் புது இணைப்புப் பெறலாம்.

இவ்வளவுக்கும் பிறகு அலுவலகமே முழுச் செலவையும் ரசீதுக்கு ஏற்கிறது என்று தெரிந்து, நீ இடமாற்ற நிறுவனத்தையே அமர்த்துவதானால் சிலவற்றில் கண்டிப்பாக இரு. எங்கள் அஞ்சலகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருவருடைய மகனுக்கு, தொலைபேசியில் சொன்ன கூலி ஒன்று, சாமான் ஏறிய பிறகு கேட்ட கூலி வேறு. மீதியைக் கொடுக்கும் வரை வண்டி எங்கே நிற்கிறது என்றே சொல்லவில்லை. ஆகவே வீட்டை நேரிலோ காணொளியிலோ பார்த்தபின் எழுதித் தரும் விலையை மட்டும் ஏற்றுக்கொள். ஒவ்வொரு சாமானின் பெயரும் நிலையும் எழுதிய பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். எல்.ஆர். எனப்படும் லாரி ரசீது கைக்கு வராமல் வண்டி நகரக் கூடாது. பலருடைய சாமானோடு சேர்த்து ஏற்றும் பார்ட் லோடு மலிவு, ஆனால் சேரும் நாளை அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவசரமில்லாத சாமானுக்கு அதுவே பொருத்தம். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, மதிப்பை அறிவித்து அதற்குரிய கூடுதல் கட்டணத்தை ஏற்காதவர்களுக்கு நட்டஈடு ஓர் அளவோடு நின்றுவிடும்; சேதம் ஏற்பட்டால் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும் வேண்டும். சரக்கு கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டாகிய ‘ஈ-வே பில்’ போட வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள் என்று கேட்டால் கொடுக்காதே. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு அது வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு.

புத்தகங்களைப் பற்றிச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு, பார்சல் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வுபெற்றவள் நான். 2025 மே மாதத்திலிருந்து அஞ்சல் துறையில் ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவை இருக்கிறது. படிப்பு, பண்பாடு, சமயம் சார்ந்த அச்சு நூல்களை 300 கிராம் வரை 20 ரூபாய்க்கும், 5 கிலோ கட்டை 100 ரூபாய்க்கும், வரி தனியாக, நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்பலாம். தரைவழியாகப் போவதால் தாமதமாகும். புத்தகத்துக்கு அதனால் ஒன்றுமில்லை. அதில் கடிதத்தையோ துணியையோ செருகாதே. முதலில் புத்தகத்தைப் பாலித்தீனில் சுற்று, பிறகு கெட்டி அட்டை, பிறகு துணியோ சாக்கோ போட்டுக் கோணி ஊசியால் தை. மேலே எழுதிய முகவரியை இன்னொரு தாளிலும் எழுதி உள்ளே வை. மழையில் மேல் முகவரி கரைந்த கட்டுகளைப் பிரித்து, உள்ளே சீட்டு ஏதும் இல்லாமல், யாருடையது என்று தெரியாமல் நாங்கள் விழித்த நாட்கள் உண்டு. விடுதி முகவரிக்கு அனுப்பாமல் அலுவலக முகவரிக்கு, உன் தொலைபேசி எண்ணுடன் அனுப்பு. பகலில் விடுதியில் வாங்கிவைக்க ஆள் இருக்காது.

ஸ்கூட்டரை இப்போது கொண்டுபோக வேண்டாம். தகுதிகாண் காலம் முடியட்டும், அதுவரை தம்பி ஓட்டட்டும். பிறகு தேவைப்பட்டால் சென்னை சென்ட்ரல் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். நீ பயணம் செய்யும் அன்றே உன் சீட்டைக் காட்டி லக்கேஜாக அனுப்பினால், இடமிருக்கும் பட்சத்தில் அதே வண்டியில் வரும். தனியே பார்சலாக அனுப்பினால் பின்னால் வரும். ஆர்.சி., காப்பீடு, அடையாள அட்டை மூன்றின் நகலும் வேண்டும். பெட்ரோலைச் சொட்டுக்கூட இல்லாமல் வடித்துவிட வேண்டும். வண்டிக்குச் சாக்கு சுற்றுவதற்கு அங்கேயே ஆட்கள் இருப்பார்கள். கண்ணாடிகளைக் கழற்றி உன் பெட்டியில் வைத்துக்கொள், கட்டுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள். வந்து சேர்ந்த சேதி தெரிந்தவுடன் போய் எடுக்காவிட்டால் கெடு நேரத்துக்குப் பிறகு வார்ஃபேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவு எண் வாங்கியாக வேண்டும், அதற்கு இங்குள்ள ஆர்டிஓ அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். வண்டியின் வயதைப் பார்த்தால் அவ்வளவு அலைச்சலுக்குத் தகுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நமக்குப் பொங்கல் வரும் நாட்களில் அங்கே உத்தராயணப் பட்டத் திருவிழா. தெருவுக்குத் தெரு மாஞ்சா நூல் தொங்கும். இருசக்கர வண்டியில் போகிறவர்களின் கழுத்தை அது அறுத்துவிடுகிறது. அந்த வாரம் தோழிகளின் வண்டியில் ஏறுவதானால் கழுத்தில் துணியை நன்றாகச் சுற்றிக்கொள், முடிந்தால் ஆட்டோவில் போ.

நாங்கள் உன்னைப் பார்க்க வருவதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். ராமேஸ்வரத்திலிருந்து குஜராத்தின் ஓகாவுக்கு வாரம் ஒருமுறை போகும் எக்ஸ்பிரஸ் வடோதரா வழியாகத்தான் செல்கிறது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது முதல் 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறக்கும் வரை தீவுக்கு ரயிலே இல்லை. இப்போது அந்தக் குறை தீர்ந்தது. இரண்டு இரவுப் பயணம் என்றாலும் படுத்த படுக்கையில் போய் இறங்கலாம். வீடு அமைந்தபின் வருகிறோம். மிக்ஸி, சட்டி, தேங்காய்த் துருவி, முண்டு மிளகாய் அரைத்த தூள் ஆகியவற்றை அப்போது நாங்களே கொண்டுவருவோம், நீ சென்னையிலிருந்து தூக்கிக்கொண்டு போகாதே. கருவாடு கேட்காதே, அதை ரயில் பெட்டிக்குள் கொண்டுவர அப்பாவுக்குத் துணிவு இருக்கலாம், எனக்கு இல்லை.

மாமா இந்த மாதக் கடைசியில் கரி ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறான். கிளம்பும் நாளுக்கு முந்தின இரவில் உனக்குத் தெரிவிப்பான். அதற்குள் மூன்று பட்டியல் எழுதி எனக்கு அனுப்பு: உன்னோடு வருவது, தபாலில் போவது, மண்டபம் வருவது. உன் மாடியின் லிஃப்டில் பீரோ நுழையுமா என்பதையும் அளந்து எழுது. நுழையாது என்றால் இரண்டு ஆள் போதாது, நான்கு பேரைக் கூட்டிவரச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா