பெல்ட்டின் பின்பக்கம்

அன்புள்ள வசந்தி,

உன் மெயில் வந்து பத்து நாள் ஆகிறது. இரவு டியூட்டி முடித்து வந்து தூங்கி எழுந்தால் பொழுது போய்விடுகிறது, அதனால்தான் இவ்வளவு தாமதம், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பாளையங்கோட்டையில் வெயில் எப்படி? இங்கே இங்கிலாந்தில், லீட்ஸில், மே மாதம் முடியப் போகிறது, இன்னும் ஸ்வெட்டரைக் கழற்ற முடியவில்லை.

சரி, பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி விழாவுக்கு 1940கள் பாணியில் கவுன் போட்டு, நெற்றிக்கு மேலே இரண்டு பக்கமும் முடியைச் சுருட்டி நிறுத்தி, உதட்டில் நல்ல சிவப்பாகச் சாயம் பூசிக்கொண்டு போக வேண்டும் என்கிறாள், கவுனை நீ தைக்க வேண்டும், அதற்கு நான் இங்கிருந்து விவரம் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே? அவள் அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்குமே இந்தக் காலத்தில் எடுத்தவை. துணியில் ஒரு கசங்கல் கிடையாது, கையில் ஒரு காய்ப்பு கிடையாது. அந்த அழகு எனக்கும் பிடிக்கும், இங்கே வந்த நாளிலிருந்து அந்தப் பாணி மேல் எனக்கு ஒரு மயக்கம் உண்டு என்பது உனக்கே தெரியும். ஆனால் நீ தையல்காரி, உனக்கு வெளிப்பக்கத்தை மட்டும் காட்டி அனுப்ப மனசு வரவில்லை.

யார்க்‌ஷயரில் ஹாவர்த் என்று மலைச்சரிவில் ஒரு சின்ன ஊர். அங்கே 1940களின் நினைவாக ஒரு வாரக் கடைசி விழா நடக்கும், ஊர் முழுக்க ஆணும் பெண்ணும் அந்தக் காலத்து உடையில் நடப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் போனபோது ஒரு பழந்துணிக் கடையில் கருநீலத்தில் பொடி வெள்ளைப் பூப் போட்ட ரேயான் (செயற்கைப் பட்டு) கவுன் ஒன்று கிடைத்தது. அக்குளில் ஒட்டுப் போட்டது என்பதால் 35 பவுண்டுக்குக் கொடுத்தார்கள். கழுத்துக்குப் பின்னால் ஒரு சின்ன முத்திரை: வட்டப் பாலாடைக்கட்டியில் ஒரு துண்டு வெட்டி எடுத்தது போல இரண்டு ‘சி’ எழுத்துகள், பக்கத்தில் 41 என்ற எண். அதுதான் ‘யூட்டிலிட்டி’ முத்திரை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டன் அரசே துணியின் தரத்துக்கும் விலைக்கும் வரம்பு வைத்துத் தயாரிக்கச் சொன்ன உடைகளுக்கு அடையாளம் அது. 1942இல் நார்மன் ஹார்ட்னெல், ஹார்டி ஏமிஸ் மாதிரி பெரிய வடிவமைப்பாளர்களை வைத்தே இதற்கு மாதிரிகள் வரைய வைத்தார்கள், ஹார்ட்னெல் ராணிக்கே உடை தைத்தவர். அதனால்தான் அந்த அளவு குறைந்த துணியிலும் தோளும் இடுப்பும் அவ்வளவு எடுப்பாக நிற்கின்றன.

வீட்டுக்கு வந்ததும் நீ செய்வது போலவே முதலில் உள்பக்கத்தைத் திருப்பினேன். தையலுக்கு விட்ட துணி விரற்கடைகூட இல்லை, பிரித்து அகலப்படுத்தலாம் என்றால் முடியாது. பாவாடைப் பகுதியில் மடிப்பு இரண்டே இரண்டு. முன்னால் பட்டன் மூன்று. விலாப்பக்கத் திறப்பில் ஜிப் இல்லை, டிச் பட்டன் நான்கும் மேலே ஒரு கொக்கியும்தான். இதெல்லாம் தைத்தவளின் கஞ்சத்தனம் இல்லை வசந்தி. ஒரு கவுனில் எத்தனை பட்டன், எத்தனை மடிப்பு வரலாம் என்று சட்டமே இருந்தது. நாம் இன்றைக்கு ‘சிக்கென்று இருக்கிறது’ என்று ரசிக்கிற அந்த ஒடுங்கிய பாவாடையும் முட்டிக்குச் சற்றுக் கீழே நிற்கிற உயரமும் துணிப் பஞ்சத்தில் வந்தவை.

அந்த அக்குள் ஒட்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைத் தொங்கவிட்டால் ஒட்டு இருப்பதே தெரியாது. பூவோடு பூ சேர்த்து, இதழ் பிசகாமல், பொடித் தையலாகப் போட்டிருக்கிறாள். அதே துணி அவளுக்கு எங்கே கிடைத்தது என்று யோசித்தேன். கடைசியில் இடுப்பு பெல்ட்டைத் திருப்பினேன். முன்பக்கம் பூத்துணி, பின்பக்கம் பழைய தலையணை உறை மாதிரி ஒரு வெள்ளைத் துணி. பெல்ட்டைப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத் துணியை எடுத்து அக்குளுக்கு வைத்திருக்கிறாள். யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஆனால் அதைப் பார்த்தபோது உன் அம்மா ஹாஸ்டலுக்கு வந்தபோதெல்லாம் நம் தாவணிக் கிழிசலை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் தைத்துக் கொடுத்த ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

அவள் ஏன் புதுசு வாங்கவில்லை என்று பாப்பா கேட்பாள். 1941 ஜூன் 1ஆம் தேதி பிரிட்டனில் துணிக்கு ரேஷன் வந்தது. முதல் வருடம் ஆளுக்கு 66 கூப்பன். காசு இருந்தாலும் கூப்பன் இல்லாமல் துணி கிடையாது. கம்பளிக் கவுனுக்கு 11, பருத்தி அல்லது ரேயான் கவுனுக்கு 7, ரவிக்கை மாதிரியான மேல்சட்டைக்கு 5, ஒரு ஜோடி காலுறைக்கு 2, செருப்புக்கு 5, லைனிங் வைத்த கோட்டுக்கு 14. கணக்குப் போட்டுப் பார், ஒரு கோட்டு, ஒரு கம்பளிக் கவுன், ஒரு ஜோடி செருப்பு, இரண்டு மேல்சட்டை, ஆறு ஜோடி காலுறை என்று வாங்கினாலே 52 போய்விடும். மிச்சம் 14இல் உள்ளாடையும் மற்றதும். அதுவும் அடுத்தடுத்த வருடங்களில் கூப்பன் இன்னும் குறைந்தது. போர் 1945இலேயே முடிந்துவிட்டது, துணி ரேஷன் 1949 மார்ச் வரை போகவில்லை. இளவரசி எலிசபெத்துக்கு 1947இல் கல்யாணம் நடந்தபோது எத்தனையோ பெண்கள் தங்கள் கூப்பனைப் பிய்த்து அவருக்குத் தபாலில் அனுப்பினார்களாம். ஒருவர் கூப்பனை இன்னொருவர் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்று எல்லாவற்றையும் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இருந்ததே சொற்பம், அதிலிருந்தும் எடுத்துக் கொடுக்கத் தோன்றியிருக்கிறதே.

பட்டும் நைலானும் பாராசூட்டுக்குப் போனதால் நல்ல காலுறை கிடைக்காது. காலில் கறிக்குழம்புக்கு நிறம் சேர்க்கிற பொடியைக் கரைத்துப் பூசி, பின்னங்காலில் புருவப் பென்சிலால் நேர்கோடு இழுத்து, தையல் போட்ட காலுறை போலக் காட்டுவார்களாம். தனக்குத்தானே பின்னங்காலில் கோடு இழுக்க முடியாதே, ஒருத்திக்கு ஒருத்தி உட்கார்ந்து இழுத்துவிட வேண்டும். போர் முடிந்த பிறகு பாராசூட் துணி கூப்பன் இல்லாமல் விற்பனைக்கு வந்தது, அதில் உள்பாவாடையிலிருந்து கல்யாண கவுன் வரை தைத்துக்கொண்டார்கள். ஆனால் அது நீள முக்கோணத் துண்டுகளாகத்தான் வரும், அதில் ஒரு கவுன் வெட்டுவது எவ்வளவு தலைவலி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி முடி. இதைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன்.

இங்கே வந்த புதிதில் நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி இருந்தார், தொண்ணூறு நெருங்கியவர். தினமும் காலையில் அவருக்குத் தலை வாரிவிடுவது என் வேலை. வெள்ளை முடி, பஞ்சு மாதிரி. ஒருநாள் முன்நெற்றி முடியைத் தொட்டுக்காட்டி, “இது ஒருகாலத்தில் மஞ்சளாக இருந்தது” என்றார். நான் சாயம் போட்டிருப்பார் என்று நினைத்தேன். இல்லை, பத்தொன்பது வயதில் இந்தப் பக்கத்திலேயே குண்டுகளுக்கு வெடிமருந்து நிரப்பும் தொழிற்சாலையில் இருந்திருக்கிறார். டிஎன்டி மருந்துத் தூள் படிந்து படிந்து தொப்பிக்கு வெளியே தெரிந்த முடியும் கைத்தோலும் மஞ்சளாகிவிட்டதாம். 1941 டிசம்பரில் வந்த சட்டப்படி இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் கல்யாணமாகாத பெண்களைப் படைக்கோ தொழிற்சாலைக்கோ அழைத்துக்கொண்டார்கள், இவர் அதற்கும் முந்தியே தானாகப் போய்ச் சேர்ந்தவர்.

மருந்து இருக்கும் பகுதிக்குள் நுழையும் முன் கொண்டை ஊசி ஒவ்வொன்றையும் எடுத்துவிட வேண்டும். இரும்பு உரசி ஒரு பொறி பறந்தால் கட்டடமே போய்விடும். முந்தின இரவு முழுக்க, ஈரத் தலையில் சின்னச் சின்னச் சுருளாக விரலால் சுற்றி, இரண்டு ஊசியைக் குறுக்கே குத்தி, அதன்மேல் துணி கட்டி, அந்த ஊசிகள் மண்டையில் குத்தக் குத்தத் தூங்கி எழுந்து போட்ட அலங்காரம் அது, வாசலில் அவிழ்ந்துவிடும். ஷிப்டு முடிந்ததும் பஸ்ஸில், கண்ணாடி இல்லாமல், விரல் பழக்கத்திலேயே மறுபடி சுருட்டிக்கொண்டு நேரே நடனத்துக்குப் போவார்களாம். “களைப்பாக இருக்காதா?” என்று கேட்டேன். “ரொம்பக் களைப்பு, அதனால்தான் போனோம்” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவர் கையை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன்.

மற்றத் தொழிற்சாலைகளில் வேறு ஆபத்து. முடி சுழலும் இயந்திரத்தில் மாட்டினால் தலைத்தோலோடு பிய்த்துக்கொண்டு போகும். ஹாலிவுட்டில் வெரோனிகா லேக் என்ற நடிகை ஒரு கண்ணை மறைத்து முடியைத் தொங்கவிடுவார், ஆலைப் பெண்களும் அதையே போட்டுக்கொண்டதால், அமெரிக்க அரசு கேட்டுக்கொண்டபடி அவர் 1943இல் தன் பாணியையே மாற்றிக்கொண்டார். தலைப்பாகை போலத் துணி கட்டுவதும், வலைப்பையில் பின்முடியை அடக்குவதும், முன்முடியை மேலே சுருட்டி ஏற்றுவதும் பரவியதில் இந்த ஆபத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னொன்றையும் சொல்கிறேன், 1942 பிப்ரவரியிலிருந்து சோப்புக்கும் ரேஷன். அடிக்கடி தலைக்குக் குளிக்க முடியாது. அழுக்குத் தலையை அழகாக மறைக்கவும் அந்தச் சுருளும் தலைத்துணியும் உதவின. படங்களில் மினுங்குகிற அந்தச் சுருளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது, அதனால் அழகு குறைந்ததாக ஒருநாளும் தோன்றியதில்லை, கூடித்தான் தெரிகிறது.

பாப்பாவிடம் இதையும் சொல். அதே 1943இல் சிங்கப்பூரில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் முகாம் தொடங்கியபோது, மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழ்ப் பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள். தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி நம் சென்னைக்காரர், டாக்டர். பின்னலைக் கத்தரித்துக்கொண்டு கால்சட்டையும் தொப்பியும் போட்டு நின்ற அந்தப் பெண்களின் படங்கள் இருக்கின்றன. அவள் கேட்கும் ‘நாற்பதுகள் பாணி’யில் நம் பெண்களுடையது அது. எனக்கென்னவோ அந்தப் படங்களையும் அவள் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும் என்று தோன்றுகிறது. விருப்பம் அவளுடையது.

சுருள் முடிதான் வேண்டும் என்றால் கேட்டுக்கொள், நான் செய்து பார்த்துத் தோற்ற அனுபவம் இருக்கிறது. ஹாவர்த் விழாவுக்கு நான் சுருட்டியது ஒரு மணி நேரத்தில் சரிந்துவிட்டது, காரணம் எண்ணெய். மூன்று நாள் முன்பிருந்தே தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது. முந்தின நாள் தலைக்குக் குளித்து, அரை ஈரத்தில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சுருட்டினால் நிற்கும், அந்தக் காலத்திலும் அப்படித்தான் செய்தார்கள். அவளுக்கு இடுப்பு வரை முடி, முன்பக்கத்தை மட்டும் பிரித்துச் சுருட்டிவிட்டுப் பின்முடியை வலையில் போட்டுவிடு. ஒரு சாண் வெட்டலாமா என்று கேட்டிருந்தாயே, இதற்காக வெட்ட வேண்டாம்.

கவுனுக்கு அளவு நான் எழுதி அனுப்புவதைவிட, என்னுடையதையே தம்பியிடம் கொடுத்து விடுகிறேன். ஜூலை 12ஆம் தேதி அவன் ஊருக்கு வருகிறான். மேலே பேப்பர் வைத்து வரைந்து எடுத்துக்கொள், எங்கேயும் பிரிக்காதே, தண்ணீரில் நனைக்கவும் வேண்டாம், பழைய ரேயான் ஈரத்தில் பொசுக்கென்று கிழிந்துவிடும். நீ தைக்கும்போது பாவாடையைக் கொஞ்சம் தாராளமாகவே வெட்டு, அவள் ஆட வேண்டுமே. அப்புறம் அக்குளைத் திருப்பி அந்த ஒட்டைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. எத்தனை தையல் போட்டிருக்கிறாள் என்று எண்ணப் பார்த்தேன், என் கண்ணுக்கு ஓடவில்லை, உன் கண் நல்ல கண்.

உன்
கலா